இயர்போனைக் கழற்றிய இரவு



'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியது 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கத்தில். மார்கழி. சபாக்களிலும் கச்சேரி நடந்துகொண்டிருந்த நாட்கள். நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு. பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து வந்தது. அன்று நான் போகவில்லை. பிறகு பல வருடம் கருங்குழியிலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ்ஸில் இயர்போனில்தான் கேட்டேன். சத்தம் வெளியே கசிகிறதா என்று அடிக்கடி கழற்றிப் பார்ப்பேன்.

நேரில் பார்த்தது பிறகொரு மார்கழியில், நண்பர்கள் நான்கு பேரோடு. கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் சட்டியும் கட்ட மோளமும். எங்கள் மாமா சாவுக்கு மேளம் அடித்தவர். பந்தலுக்கு வெளியே நின்றுதான் கூலி வாங்குவார். பள்ளிக்கூடத்தில் அவரை என் மாமா என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இங்கே மோளக்காரர் கையைத் தூக்கியதும் மொத்த மேடையும் அவருக்காகக் காத்திருந்தது. அழுதேன், ஆடவும் செய்தேன். (ஆட்டம் கேவலம் என்கிறார்கள் நண்பர்கள்.)

இனி சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தவர்கள் நம் ஊர்களில் உண்டு. அவர்கள் செய்ததும் சரி, இந்த மேடையும் சரி. இரண்டிலும் அடிப்பதா வேண்டாமா என்பதை அடிக்கிறவர்தான் முடிவு செய்கிறார். மாமாவுக்கு அது வாய்க்கவில்லை.

திரும்பும்போது கடைசி பஸ். போனில் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு வந்தோம். செங்கல்பட்டு தாண்டியும் நிறுத்தவில்லை. படாளம் வந்ததும் எங்களில் ஒருவன் சத்தத்தைக் குறைத்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.