மாந்தோப்பைப் பூவிலே குத்தகைக்கு விடுதலும் மரத்தின் பராமரிப்பும்



திண்டுக்கல்லினின்றும் நத்தம் செல்பவர், சிறுமலையை வலப்புறம் விட்டுச் சாணார்பட்டி, கோபால்பட்டி முதலிய ஊர்களைக் கடக்கையில், செம்மண் நிலங்களில் மாந்தோப்புகளைக் காண்பர். செந்தூரமும் கல்லாமையும் காசாலட்டும் கிளிமூக்கும் இப்பிரதேசத்தில் பழகிய ஜாதிகள். மழை குறைந்த இச்சமவெளியிலும் வளர்ந்த மாமரம் வறட்சியைத் தாங்கி நிற்கிறது. அதனாலேயே, மாமரத்திற்கு ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை, அது தானே காய்க்கும் என்னும் எண்ணம் குடியானவர் பலரிடம் வேரூன்றியிருக்கிறது.

இவ்வெண்ணத்திற்குத் துணையாக நிற்பது, தோப்பைப் பூவிலேயே, சிற்சில சமயம் பூப்பதற்கு முன்பே, வியாபாரியிடம் குத்தகைக்கு விட்டு முன்பணம் பெறும் வழக்கமாகும். கலியாணச் செலவுக்கோ பிள்ளையின் படிப்புக்கோ அவசரமாகப் பணம் வேண்டியபோது இது எளிய வழியாகத் தோன்றும். முன்பணம் கொடுப்பவர், பூ உதிரும் அபாயத்தையும் கணக்கிட்டே விலை பேசுவார். அதற்காக அவரைக் குறை கூற இடமில்லை. ஆனால் அவருக்கு மரத்தின்மீதுள்ள பாத்தியம் ஒரு பருவத்தோடு முடிகிறது. உடையவரோ, பணம் வாங்கியாயிற்றென்று தோப்புப் பக்கம் போவதில்லை. இவ்விருவருக்கும் இடையில் மரம் ஆகாரமின்றி நிற்கிறது.

அடுத்த ஆண்டுக் காய்ப்பு தீர்மானமாவதோ, யாரும் கவனியாத அம்மாதங்களிலேதான். ஆனி, ஆடியில் காய் இறங்கிய பின் மரம் புதுத் தளிர் விடவேண்டும். அத்தளிர் சில மாதங்கள் முற்றிய பிறகே அதன் நுனியில் மார்கழி, தை மாதங்களில் பூங்கொத்து தோன்றும். மரம் இளைத்துத் தளிர் பிந்தினால் பூவும் குறைந்துபோம். நீலமும் கிளிமூக்கும் ஆண்டுதோறும் ஒருவாறு காய்க்கும் இயல்புடையவை. வேறு பல ஜாதிகள் ஓராண்டு மிகுதியாகக் காய்த்து மறு ஆண்டு ஓய்ந்துவிடும்.

ஆகையால் அறுவடை முடிந்தவுடன், காய்ந்த கிளைகளையும் நெருங்கிய கிளைகளையும் கழித்து, மரத்தின் நடுவே வெயில் இறங்கச் செய்யவேண்டும். தத்துப்பூச்சி நெருங்கிய நிழலிலே தங்கியிருந்து பூக்காலத்தில் பெருகும். அதன் பிசுபிசுத்த கழிவின்மேல் கரும்பூசணம் படரும். புல்லுருவியையும் இச்சமயத்திலேயே, அது ஒட்டியுள்ள இடத்திற்குக் கீழே கிளையோடு வெட்டி எறிதல் நன்று. பறவைகள் அதன் விதையை மரத்துக்கு மரம் கொண்டுசெல்வதால், ஒருவர் தோப்பில் மட்டும் வெட்டிப் பிரயோஜனமில்லை. ஊரார் ஒன்றுகூடிச் செய்யவேண்டிய வேலை அது.

6 ஆண்டு நிரம்பிய மரம் ஒன்றுக்கு 50 கிலோ தொழுவெருவும், தழைச்சத்து 1 கிலோ, மணிச்சத்து 1 கிலோ, சாம்பல் சத்து 1½ கிலோவும் வேண்டும். இவை சத்தின் நிறையேயன்றி, மூட்டையிலுள்ள உரத்தின் நிறையன்று. பலர் இவ்விடத்தில் தவறுகிறார்கள். புரட்டாசி, ஐப்பசியில் அடிமரத்தினின்று 2 அல்லது 3 அடி தள்ளி வட்டமாக இட்டு மூடவேண்டும். 30 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் ஏக்கருக்கு 48 மரங்கள் நிற்கும். தொழுவெரு மட்டும் 2,400 கிலோ ஆகும். பருவமழை ஓய்ந்தபின் பூக்கும் வரை நீர் பாய்ச்சலாகாது. பிஞ்சு பட்டாணி அளவு ஆனபின் பாய்ச்சலாம். பூங்கொத்தில் சாம்பல் நோய் கண்டால், லிட்டர் நீருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் கலந்து தெளிப்பர். பூ முழுதும் விரிந்திருக்கையில் பூச்சிமருந்து தெளித்தால், மகரந்தம் சேர்க்கும் ஈக்களும் தேனீக்களும் மடியும், பிஞ்சும் குறையும்.

குத்தகைதாரர் சிலர், காலத்திற்கு முன்பே பூக்கவைக்கும் பொருட்டுப் பாக்லோபியூட்ரசால் என்னும் மருந்தை வேரடியில் ஊற்றுகிறார்கள். அது தளிர் வளர்ச்சியை அடக்கிப் பூவைத் தூண்டுவது; மண்ணில் நெடுநாள் தங்குவது. நல்ல ஆகாரமுள்ள வளர்ந்த மரத்திற்கு அளவோடு இட்டால் பாதகமில்லை. எருவின்றி இளைத்த மரத்தில் அளவு மீறி ஊற்றினால், ஓராண்டு லாபம் வியாபாரிக்கும், அதன் பிறகு வரும் நஷ்டம் உடையவருக்குமாக முடியும். முற்றாத காயைப் பறித்துக் கார்பைடு கல்லால் பழுக்கவைப்பதும் இத்தகைய அவசரத்தின் விளைவே. அவ்விதம் பழுக்கவைத்த பழத்தை விற்பது 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளால் தடுக்கப்பட்டிருக்கிறது.

குத்தகைக்கு விடாமல் தீராது என்னும் நிலையிலுள்ளோர், எரு இடுவது எவர் பொறுப்பு என்பதையும், உடையவர் சம்மதமின்றி மேற்படி மருந்தை ஊற்றலாகாது என்பதையும், கிளையை முறிக்காமல் வலைகட்டிய கொக்கியால் காம்போடு பறிக்கவேண்டும் என்பதையும் பத்திரத்தில் எழுதிக்கொள்ளல் வேண்டும். மரத்திற்கு வாய் இல்லை. பத்திரத்தில் அதன் சார்பாகப் பேச உடையவரைத் தவிர வேறு ஆளும் இல்லை.

மற்றையோர், எருச்செலவுக்கு வியாபாரியின் முன்பணத்தை எதிர்பாராமல், சங்கத்தில் பயிர்க்கடன் கேட்பதே உசிதம். பட்டா, அடங்கல் முதலியவற்றைத் திரட்ட நாளாகுமாதலால், ஆடி மாதத்திலேயே விண்ணப்பம் கொடுத்துவிட வேண்டும். பணம் கைக்கு வந்ததும் எருவை ஆவணிக்குள் தோப்பில் இறக்கிவைப்பது நலம்; மழை இறங்கிய பின் செம்மண் தடத்தில் பாரவண்டி செல்லாது.