குற்றநீதிக் கல்விக்கு வேண்டுவன
(செங்கற்பட்டில் கூடிய நம் சங்கக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



மாமல்லபுரம் முதலிய கடற்கரை ஊர்ப் பெற்றோர் பலர், "குற்றவியல் படித்தால் பிள்ளை வக்கீலாகலாமா?" என்று எம்மை வினவுகின்றனர். ஆகாது என்பதே விடை. குற்றத்தின் காரணத்தையும், தண்டனையின் பயனையும், துன்புற்றோர் நிலையையும் ஆராய்வது குற்றவியல். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் அதற்குத் தனித்துறைகள் உள. சிறைத்துறை, சிறார் இல்லம் முதலியவற்றில் அலுவல் நாடுவோர்க்கு அது நன்று. மன்றில் நின்று வழக்குரைக்கவோ சட்டப் பட்டமே வேண்டும். வழக்கறிஞராகப் பதிவு செய்தலும் அகில இந்தியத் தேர்வும் அதன்பின் வருவன.

பன்னிரண்டாம் வகுப்புத் தேறினோர் சட்டத்தை ஐந்தாண்டும், வேறு பட்டம் பெற்றோர் மூன்றாண்டும் கற்பர். இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி பொதுப்பிரிவினர்க்கு நூற்றுக்கு 45 மதிப்பெண் வேண்டும்; ஏனையோர்க்குச் சலுகை உண்டு. இங்கே ஒன்றைச் செவ்வனே கேண்மின். பள்ளிப் படிப்பை முடியாது, திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் நேரே சேர்ந்து பட்டம் வாங்கினோர்க்கு அவ்விதிகள் இடந்தரா. வறுமையாற் பள்ளியை விட்டுக் கடற்றொழிலுக்கோ சிற்பப் பட்டறைக்கோ சென்ற பிள்ளைகள் நம்மிடையே உளர். அன்னார் முதலிற் பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வராகவேனும் எழுதித் தேறுக. இஃதறியாது மூன்றாண்டுப் பொருளும் பொழுதும் இழந்தபின் அழுது பயனில்லை.

பாடங்களும் மாறியுள்ளன. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 511 பிரிவுகளுடையது. அதன் இடத்தில் 358 பிரிவுகள் கொண்ட பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. நடைமுறைச் சட்டமும் சான்றுச் சட்டமும் அன்றே மாறின. ஆதலின் தமையன் வைத்த புத்தகம் தம்பிக்கு முழுதும் உதவாது. ஆயினும் அந்நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றங்கட்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்துமாதலின், அதனைப் பழைய காகிதக் கடைக்குப் போட்டுவிடவும் வேண்டா.

சான்றுச் சட்டம் கடினமென அஞ்சும் மாணவன் சிலப்பதிகாரத்தை நினைக. பொற்கொல்லன் சொல்லொன்றே சான்றாகக் கோவலன் கொலையுண்டான். பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தது முத்து, கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம் என்பது அவன் இறந்த பின்னரே தெரிந்தது. முன்னரே உடைத்துப் பார்த்திருப்பின் மதுரை எரிந்திராது! ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியலார் நிகழ்விடஞ் சென்று தடயந் திரட்ட வேண்டுமெனப் புதிய நடைமுறைச் சட்டம் விதிக்கிறது. மாநிலங்கட்கு ஐந்தாண்டு தவணையும் தந்துள்ளது.

ஏட்டுக் கல்வியன்றிப் பயிற்சியும் உண்டு. மூன்றாண்டுப் படிப்பினர் 12 வாரமும், ஐந்தாண்டுப் படிப்பினர் 20 வாரமும் வழக்கறிஞர் முதலியோரிடம் பயிலுதல் வேண்டும். வக்கீல் குடும்பத்துப் பிள்ளைக்கு இஃது எளிது. மீனவர் மகனுக்கு யார் கதவு திறப்பார்? செங்கற்பட்டில் தொழில் நடத்தும் நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இருவரையேனும் ஏற்குமாறு வேண்டுகின்றோம். பெண்மக்களையும் உட்படுத்தியே இதனைக் கூறுகின்றோம்.