வீடு முணுமுணுத்தால் யாருக்குக் கேட்கும்?

இன்னைக்கு எபிசோட்ல ஒரு சிறுகதை பத்திப் பேசலாம். டி. எச். லாரன்ஸ் எழுதி 1926-ல் வெளியான 'தி ராக்கிங் ஹார்ஸ் வின்னர்'. காசுக் கவலை ஒரு குடும்பத்தை என்ன செய்யும்னு யாராவது கேட்டா, நான் முதல்ல சொல்ற கதை இதுதான்.

இங்கிலாந்தில் ஒரு வீடு. தோட்டம் இருக்கு, வேலைக்காரங்க இருக்காங்க, குழந்தைகள் அறை நிறைய விலை உயர்ந்த பொம்மைகள். ஏழை வீடு கிடையாது. ஆனா பெற்றோரோட வருமானம் அவங்க வெளியில காட்டிக்கிற அந்தஸ்துக்குப் பத்தலை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்றதில்லை. அதனால வீடே முணுமுணுக்க ஆரம்பிக்குது, இன்னும் காசு வேணும்னு. குழந்தைகளுக்கு அது கேட்குது.

நமக்குன்னு ஏன் சொந்தமா கார் இல்லைன்னு பையன் பால் அம்மாகிட்ட கேட்கிறான். உங்க அப்பாவுக்கு அதிர்ஷ்டம் இல்லைங்கிறாங்க அம்மா. எனக்கு இருக்கும்மான்னு அவன் சொல்றான். அம்மா நம்பலை. அந்த அலட்சியம் அவனைக் குத்துது. அதுக்கப்புறம்தான் ஆடும் மரக்குதிரையில ஏறி வெறித்தனமா ஆடறான். ஆடி முடிக்கும்போது, அடுத்த பந்தயத்தில் ஜெயிக்கப்போற குதிரையோட பேர் அவனுக்குத் தெரிஞ்சிடுது. தோட்டக்காரரும் மாமாவும் அவனுக்காகப் பந்தயம் கட்டறாங்க.

இப்ப கவனிங்க. ஜெயிச்ச பணத்தில் 5,000 பவுண்டை, யார் கொடுத்ததுன்னு தெரியாம அம்மாவுக்குப் போய்ச் சேர ஏற்பாடு பண்றான். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் 1,000, அஞ்சு வருஷத்துக்கு. கடிதம் வந்த காலையில் அம்மா முகத்தையே பார்த்துட்டு இருக்கான். அந்த முகம் மலரலை, இறுகிப்போகுது. அவங்களுக்குக் கடன் இருக்கு. மொத்தத்தையும் இப்பவே கொடுங்கன்னு வக்கீல்கிட்ட போய்க் கேட்கிறாங்க. பணம் கைக்கு வருது, வீட்டுக்குப் புது சாமான்கள் வருது, முணுமுணுப்பு அடங்குதா? இன்னும் சத்தமாகுது!

எனக்கு இந்தக் கதையோட இதயமே இந்த இடம்தான். இவ்வளவு இருந்தா போதும்னு அந்த வீட்டில் யாருமே ஒரு தொகை சொல்றதில்லை. எல்லை இல்லாத தேவையைப் பணத்தால எப்படி நிரப்புறது? அதை நிரப்புற பொறுப்பை ஒரு சின்னப் பையன் எடுத்துக்கிறான். அவனுக்கு வேண்டியது காசு இல்லை. அந்தச் சத்தம் நிக்கணும், அம்மா தன்னைத் திரும்பிப் பார்க்கணும்.

கடைசியில் டெர்பி பந்தயம். பால் சொன்ன குதிரை ஜெயிக்குது, 80,000 பவுண்டுக்கு மேல சேருது. ஆனா அவன் மூளைக்காய்ச்சலில் கிடக்கிறான். நான் அதிர்ஷ்டக்காரன்னு உங்ககிட்ட சொல்லியிருக்கேனாம்மான்னு கேட்கிறான். இல்லையேங்கிறாங்க அம்மா. அவன் சொல்லியிருந்தான். அவங்க காதுல விழலை. அன்னைக்கு ராத்திரியே பையன் இறந்துபோறான்.

இதை எழுதினவர் வசதியில் வளர்ந்தவர் இல்லைங்கிறதும் முக்கியம். லாரன்ஸ் நாட்டிங்ஹாம்ஷயர் பகுதி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியோட மகன். அந்த வாழ்க்கையை வெச்சு அவர் எழுதின 'சன்ஸ் அண்ட் லவர்ஸ்' நாவல் 1913-ல் வந்தது. அதுலயும் பையன் பேர் பால்தான். அங்கேயும் காசுச் சண்டை உண்டு, அப்பாவோட குடி உண்டு. ஆனா ஒரு நாள் சந்தையில் அம்மா பூப்போட்ட ஒரு சின்னப் பீங்கான் தட்டை அஞ்சு பென்ஸுக்கு வாங்கிட்டு வர்றாங்க. செலவு பண்ணிட்டோமேன்னு ஒரு கூச்சம். மகன்கிட்ட காட்டி விலையையும் சொல்றாங்க. ரெண்டு பேரும் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரிச்சுப்போறாங்க.

அஞ்சு பென்ஸ் தந்த சந்தோஷத்தை 5,000 பவுண்டு தரலை. வறுமை நல்லதுன்னு நான் சொல்ல வரலை. அந்த நாவலும் அப்படிச் சொல்லலை. ஆனா சுரங்கத் தொழிலாளி வீட்டில் அந்தத் தட்டோட விலையைப் பையன்கிட்ட வாய்விட்டுச் சொல்ல முடிஞ்சுது. தோட்டம் வெச்ச வீட்டில் யாராலும் முடியலை.

இஎம்ஐ, வாடகை, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் நம்ம வீடுகள்லயும் இருக்கு. குழந்தைக்குத் தெரிய வேண்டாம்னு நாம கதவைச் சாத்திட்டுப் பேசறோம். தெரியாம இருக்கிறதில்லை, பாதிதான் தெரியுது, மீதியை அது தானே கற்பனை பண்ணிக்குது. இந்த மாசம் இவ்வளவுதான், இது நம்ம பாடு, நீ போய் விளையாடுன்னு சொல்ற வீட்டில் சுவருக்கு முணுமுணுக்க எதுவும் இருக்காதுன்னு எனக்குத் தோணுது.

கதை சின்னதுதான், ஒரே மூச்சில் படிச்சிடலாம். படிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.