அரும்பு, மொட்டு, மலர்

உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமம். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். திண்ணையில் அக்காவும் தம்பியும். அக்கா புத்தகத்தை விரித்தால் அசையமாட்டாள். தம்பிக்கு இரண்டு நிமிடம் உட்காரமுடியாது. அம்மா அதட்டவில்லை. ஒரு கை புளியங்கொட்டையைத் தரையில் கொட்டி, "பத்துப் பத்தாப் பிரிச்சு வைடா கண்ணு" என்றார். நாலு குவியல் வைத்தான். மிச்சம் மூன்றை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, "நாப்பத்து மூணும்மா!" என்று கத்தினான். அவனுக்குக் கணக்கு கை வழியாகத்தான் ஏறுகிறது.

அரசுப் பள்ளிகளில் 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் பிள்ளைக்குப் பிள்ளை படிப்பு ஏறும் விதம் வேறு என்பதைத்தான் பார்த்தது. சிறு வகுப்புப் பிள்ளைகளை வகுப்பை வைத்து அல்ல, கற்கும் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பாக இருக்கலாம். மக்கு என்ற பேச்சே இல்லை. இந்தப் பெயர்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அரும்பை யாராவது திட்டுவார்களா?

'எண்ணும் எழுத்தும்' வருவதற்கு முந்தின வருஷம், கொரோனாவில் விட்டுப்போன படிப்பை மீட்க 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. தன்னார்வலர்கள் பிள்ளைகளின் தெருவுக்கே வந்து மாலையில் சொல்லிக்கொடுத்தார்கள்.

பள்ளிக்கு வரமுடியாத மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு, சிறப்பாசிரியர் வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் ஏற்பாடும் உண்டு. பல பெற்றோருக்கு இது தெரிவதில்லை; அதுதான் என் வருத்தம். உங்கள் வட்டார வள மையத்தில் விசாரியுங்கள். கூச்சப்படாதீர்கள்.