இந்த வாரம் குழந்தை என்ன படித்தது?

(கொல்கத்தா, பவானிபூரில் தமிழ்த் தோழர்கள் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘தேசியக் கல்விக் கொள்கையும் நமது கடமைகளும்’. அக்கொள்கையைப் பற்றி நம் ஏட்டில் பலமுறை எழுதியாகிவிட்டது. ஆகவே உங்கள் அனுமதியோடு அத்தலைப்பைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு சிறு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் வீட்டிலோ, உங்கள் சந்திலோ ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு படிக்கும் குழந்தை ஒன்று இருக்கும். அக்குழந்தை இந்த வாரம் வகுப்பில் என்ன படித்தது?

கூட்டம் தொடங்குமுன் இங்கிருக்கும் எட்டுத் தோழர்களிடம் இதைக் கேட்டேன். தேசியக் கல்விக் கொள்கையில் உள்ள ஆபத்துகளை எட்டுப் பேரும் தெளிவாகச் சொன்னார்கள். என் கேள்விக்கு ஒருவர்தாம் விடை சொன்னார். அவரும் தம் துணைவியாரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுச் சொன்னார். அவரைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. போன வாரம்வரை நானும் அந்த எழுவரில் ஒருவனாகவே இருந்தேன்.

நான் குடியிருக்கும் சந்தில் நான்கு வீடுகளில் வேலை செய்யும் ஓர் அம்மா இருக்கிறார். அவருடைய மகள் அரசுத் தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு. வங்கத்தில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குவதால் கையில் புதுப் புத்தகங்கள். ‘ஆமார் பொய்’ என்ற அரசுப் பாடநூலும், அதனோடு தாகூரின் ‘சஹஜ் பாட்’ இரண்டாம் பகுதியும். படித்துக் காட்டு என்றேன். தடையில்லாமல் படித்தாள். சிறிது நேரம் கழித்துத்தான் கவனித்தேன்: விரல் ஒரு வரியில் இருக்கிறது, வாய் வேறொரு வரியில் இருக்கிறது. நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு இது என்ன என்று கேட்டேன். முதல் வரியிலிருந்து மனத்துக்குள் சொல்லிக்கொண்டே வந்து, அச்சொல்லைத் தாண்டிப் போய், மறுபடியும் தொடக்கத்திற்குத் திரும்பினாள். கூட்டெழுத்து வந்த இடமெல்லாம் அவளுக்குச் சுவராக இருந்தது. தமிழில் அந்தச் சுவர் இல்லை. வங்க எழுத்தைக் கற்கும் குழந்தை ஏறவேண்டிய முதல் மேடு அதுதான். முதல் வகுப்பை முழுதாக முடித்துவிட்டு வந்த குழந்தை அவள். வாரத்தில் மூன்று நாள் டியூஷனுக்கும் போகிறாள். அதற்கு அவளுடைய தாய், தாம் வேலை செய்யும் நான்கு வீடுகளில் ஒரு வீட்டுச் சம்பளத்தை அப்படியே கொடுக்கிறார்.

தோழர்களே, இது நடப்பது இந்தியாவில் குழந்தைகளுக்கான பாடநூலைப் பற்றி மிக அதிகமாகச் சிந்தித்த நகரங்களுள் ஒன்றில். 1849இல் பெத்தூன் பெண்கள் பள்ளி இங்கே தொடங்கப்பட்டபோது, மதன்மோகன் தர்க்காலங்கார் ஊராரின் ஏச்சைப் பொருட்படுத்தாமல் தம் இரு மகள்களையும் அங்கே சேர்த்தார். சேர்த்ததோடு நிற்காமல், குழந்தைகளுக்காக ‘சிசு சிக்ஷா’ என்ற பாடநூலையும் எழுதினார். பெண் பிள்ளைக்குப் பள்ளி திறந்தால் போதாது, அங்கே அவள் கையில் எதைக் கொடுப்பது என்ற கேள்வியும் உடனே எழும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1855இல் அவருடைய நண்பர் ஈஸ்வர சந்திர வித்யாசாகர் ‘வர்ணபரிசய்’ நூலின் இரு பகுதிகளை வெளியிட்டார். வங்காளப் பேச்சில் இல்லாத இரண்டு நெடில் உயிரெழுத்துகளை அவர் நெடுங்கணக்கிலிருந்து நீக்கினார். முதல் பகுதியில் கூட்டெழுத்தே கிடையாது. அவை இரண்டாம் பகுதிக்கு ஒதுக்கப்பட்டன. குழந்தை எங்கே தடுக்கி விழும் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவரால்தான் இப்படிப் பிரிக்க முடியும்.

வித்யாசாகர் தாம் எண்களைக் கற்ற கதையைத் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். எட்டு வயதுச் சிறுவனாக வீர்சிங்கா கிராமத்திலிருந்து தந்தையோடு கல்கத்தாவுக்கு நடந்து வருகிறார். சாலையோரத்தில் அம்மிக்கல் போல ஒரு கல் நட்டிருக்கிறது. இது என்ன என்று கேட்கிறார். மைல்கல் என்று தந்தை விளக்குகிறார். அதிலிருந்து ஒவ்வொரு கல்லாகப் பார்த்து, வழியிலேயே ஆங்கில இலக்கங்களைக் கற்றுக்கொள்கிறார். உண்மையாகவே கற்றானா என்று சோதிக்க விரும்பிய தந்தை, ஆறாவது கல்லைக் கண்ணில் படாமல் தாண்ட வைத்து, ஐந்தாவதைக் காட்டிக் கேட்கிறார். இங்கே ஆறு இருக்கவேண்டும், தவறுதலாக ஐந்து என்று செதுக்கிவிட்டார்கள் என்கிறான் பையன். படிக்கத் தெரிந்த குழந்தை கல்லில் செதுக்கியதையே தவறு என்று சொல்லும். எங்கள் சந்துச் சிறுமிக்கு அச்சிட்ட வரியில் கண்ணை நிறுத்தவே இன்னும் யாரும் கற்றுத்தரவில்லை.

அந்த மனிதருடைய சிலையின் தலையை 1970இல் இதே நகரின் கல்லூரிச் சதுக்கத்தில் புரட்சியின் பெயரால் வெட்டியெறிந்தார்கள். 1857 எழுச்சியின்போது அவர் எந்தப் பக்கம் நின்றார் என்று அன்று கேட்கப்பட்டது. கேள்வியில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் அன்று சுவர்களில் முழக்கம் எழுதிய இளைஞர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கக் கற்றது அவருடைய புத்தகத்தில்தான். இடதுசாரி இயக்கம் வகுப்பறையை எவ்வளவு தொலைவிலிருந்து பார்த்து வந்திருக்கிறது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு என்பது என் கருத்து. உடன்படாத தோழர்கள் விவாதத்தின்போது சொல்லுங்கள்.

இன்னும் கடினமான ஒன்றைப் பேசவேண்டியிருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் இடது முன்னணி அரசு தொடக்கப்பள்ளிகளிலிருந்து ஆங்கிலத்தை எடுத்தது. கோட்பாட்டளவில் அது தவறென்று நான் சொல்லமாட்டேன். குழந்தை தன் தாய்மொழியில் சிந்திக்கவேண்டும் என்பதை தாகூர் 1892லேயே விரிவாக எழுதினார். உலகெங்கும் கல்வியாளர்கள் பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறார்கள். அப்படியானால் நடந்தது என்ன? வசதி படைத்தவர்கள் ஆங்கிலவழித் தனியார் பள்ளிகளுக்குத் தம் பிள்ளைகளை மாற்றினார்கள். நம் இயக்கத்தைச் சேர்ந்த நடுத்தர வர்க்கத்தாரும் அவ்வாறே செய்தார்கள். அதை மறைத்துப் பயனில்லை. தாய்மொழிக் கொள்கையின் முழுச் சுமையையும் ஏழையின் குழந்தை மட்டுமே சுமந்தது. எதிர்ப்பு வளர்ந்தது. எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் வீதிக்கு வந்தார்கள். 1998இல் பபித்ர சர்க்கார் குழு அமைந்து, அதன்பின் மூன்றாம் வகுப்பிலும், 2004இல் முதல் வகுப்பிலும் ஆங்கிலம் திரும்பி வந்தது. இரண்டு தலைமுறைக் குழந்தைகள் இடையில் கடந்து போய்விட்டார்கள்.

தாய்மொழிக்காக அவ்வளவு உறுதியாக வாதாடிய அதே தாகூர், குழந்தைகள் ஆங்கிலம் கற்பதற்கென்று தனியே பாடநூல்களும் எழுதினார் என்பதைப் பல தோழர்கள் அறிந்திருக்கமாட்டீர்கள். அவருக்கு அவ்விரண்டும் ஒன்றையொன்று விலக்கவில்லை. எந்த மொழி என்ற கேள்வியோடு எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வியையும் அவர் சேர்த்தே எடுத்துக்கொண்டார். நாம் முதல் கேள்வியில் தீர்மானம் நிறைவேற்றிவிட்டு, இரண்டாவதைத் துறை அதிகாரிகளிடம் விட்டுவிட்டோம்.

விட்டதன் விளைவு 2002இல் அச்சிலேயே வந்தது. அமர்த்தியா சென் தம் நோபல் பரிசுத் தொகையைக் கொண்டு தொடங்கிய பிரதீச்சி அறக்கட்டளை மேற்கு வங்கத் தொடக்கப்பள்ளிகளை ஆய்வு செய்தது. ஆசிரியர்கள் பள்ளிக்கு வராமலிருப்பதையும், ஏழைக் குடும்பங்களும் டியூஷனை நம்பியே குழந்தைகளைப் படிக்கவைப்பதையும், தாழ்த்தப்பட்ட, பழங்குடிக் குழந்தைகள் மிகுந்த பள்ளிகளில் நிலைமை மேலும் மோசமாயிருப்பதையும் அது பதிவு செய்தது. அப்போது இடது முன்னணி ஆட்சிக்கு இருபத்தைந்து ஆண்டுகள். நிலச்சீர்திருத்தத்தில் ஜோத்தார்களை எதிர்த்து வென்ற இயக்கம், கிராமப் பள்ளியில் நம் சொந்த ஆசிரியர் சங்கத்து உறுப்பினரிடம் ‘நேற்று ஏன் வரவில்லை?’ என்று கேட்கத் தயங்கியது. டியூஷன் என்பது அரசுப் பள்ளிக்குள்ளேயே ஒளிந்திருக்கும் தனியார் பள்ளி. அதற்குக் கட்டணம் கட்டுபவர் எங்கள் சந்து அம்மா.

நான் ஆசிரியர்களுக்கு எதிராகப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்றைய நிலைமை என்ன? 2023 மே மாதம் இம்மாநிலத்தில் 32,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் நியமனத்தைக் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ரத்து செய்தார். 2025 டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகள், நாளை வேலை இருக்குமா என்று தெரியாத ஓர் ஆசிரியர் எந்த மனநிலையில் அரிச்சுவடி கற்பித்திருப்பார்? ஊழல் செய்தவர்கள் மேலே. உறக்கம் இழந்தவர்கள் வகுப்பறையில். அது போதாதென்று 2025 நவம்பர் 4 முதல் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தது. வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக வீடுவீடாகப் படிவம் கொண்டு போனவர்கள் யார்? பெரும்பாலும் இதே தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள். தமிழ்நாட்டிலும் அதே மாதம் பல ஆசிரியர்களுக்கு அதே வேலைதான். கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கு ஆசிரியரை அனுப்பலாம் என்கிறது. அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காத்திருக்கிறது. வாக்குரிமை பறிபோவதை எதிர்த்து நாம் நடத்திய போராட்டம் சரியானது. அந்த வாரங்களில் ஓராசிரியர் பள்ளிக் குழந்தைகள் என்ன படித்தார்கள் என்பதை நம் துண்டறிக்கை ஒன்றுகூடக் கேட்கவில்லை.

நம் ஊரின் நிலை என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். தமிழ்நாடு சில செயல்களைச் செய்து காட்டியிருக்கிறது. 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், ஒரே வகுப்பில் இருக்கும் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். வகுப்பில் எல்லாரும் ஒரே பக்கத்தில் இல்லை என்பதை ஓர் அரசு வெளிப்படையாக ஒப்புக்கொண்டது நல்ல தொடக்கம். பதிவேடுகளை நிரப்பியே நேரம் போகிறது என்ற ஆசிரியர்களின் குறையும் கேட்கப்படவேண்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. பசித்த பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பது அங்கே காமராசர் காலம் முதல் அரசின் அறிவாக இருந்துவருகிறது. மத்திய அரசோ, தன் திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்குரிய 2,152 கோடி ரூபாய்ப் பள்ளிக்கல்வி நிதியை நிறுத்தி வைத்தது. மும்மொழித் திணிப்பை எதிர்ப்பதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் 2012-13 முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகிவருகின்றன. வங்கத்தில் நாம் கற்ற பாடத்தை அங்கே மறுபடியும் பணம் கட்டிப் படிக்கவேண்டியதில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இந்தப் பவானிபூரில் வங்காளிகளோடு குஜராத்திகளும் பஞ்சாபிகளும் பீகாரிலிருந்து வந்த உழைப்பாளிகளும் வாழ்கிறார்கள், நாமும் இருக்கிறோம். இவ்வரங்கில் இருக்கும் தமிழ்க் குழந்தைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், தெருவில் வங்காளமும் இந்தியும் பேசுகிறார்கள், பள்ளியில் ஆங்கிலம் எழுதுகிறார்கள். நம் ஏட்டைப் படிக்கத் தெரிந்த பிள்ளை இவர்களில் எத்தனை பேர்? கையைத் தூக்கச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. என் மகனுக்குத் தெரியாது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஹரிஷ் முகர்ஜி சாலையில் தினமும் நடக்கிறோம். 1824இல் பிறந்த அந்த ஹரிஷ் சந்திர முகர்ஜி, இதே பவானிபூரில் ஒரு பள்ளியில் கட்டணம் கட்ட வழியின்றி இலவச மாணவனாகப் படித்தவர். வறுமையால் படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்குப் போனவர். பின்னாளில் ‘இந்து பேட்ரியட்’ ஏட்டின் ஆசிரியராக இருந்து, அவுரி விவசாயிகளின் துயரத்தை ஆட்சியாளர் படித்தே ஆகவேண்டிய ஆங்கிலத்தில் எழுதினார். முப்பத்தேழு வயதுக்குள் மறைந்தார். இன்று இதே தெருக்களில் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகள் எத்தனை பேர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்ற கணக்கு நம் கிளையிடம் இல்லை.

ஆகவே கிளைக்கு என் முன்மொழிவு இது. அடுத்த நான்கு வாரங்களில் ஒவ்வொரு தோழரும் ஒரு வீட்டுக்குப் போகவேண்டும். கட்சிக் குடும்பமாக இருக்கக்கூடாது. அங்கிருக்கும் குழந்தையின் நோட்டுப் புத்தகத்தைப் பார்க்கவேண்டும். இந்த வாரம் என்ன பாடம் நடந்தது, எத்தனை நாள் ஆசிரியர் வந்தார், டியூஷனுக்கு என்ன செலவாகிறது, விரலும் வாயும் ஒரே வரியில் இருக்கின்றனவா என்று குறித்து வரவேண்டும். குழந்தையைத் தேர்வு வைத்து மிரட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அக்குறிப்புகளோடு பள்ளி ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போவதா, ஆசிரியர் சங்கத் தோழர்களை அழைத்துப் பேசுவதா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம்.

நம் பிள்ளைகளுக்காக இன்னொன்று. ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு இவ்வரங்கில் தமிழ் வகுப்பு. கற்பிக்க இரண்டு தோழர்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். என் மகன் முதல் மாணவன். கரும்பலகை வாங்கியாகிவிட்டது, சுண்ணக்கட்டி இன்னும் வாங்கவில்லை. வரும் ஞாயிறு யாராவது ஒரு பெட்டி எடுத்து வாருங்கள்.