நாவில் நிற்கட்டும் தமிழ்



குறள் ஒவ்வொன்றும் ஏழே சீர். எதுகையும் மோனையும் கைகொடுப்பதால் ஏழு அகவைப் பிள்ளையின் நாவிலும் எளிதில் தங்கும். திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் திருப்பிக் கூறியே கற்றனர். இன்றோ, ஆங்கிலவழிப் பிள்ளைகள் சிலர் செய்யுளை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்தன்றோ நெட்டுருச் செய்கின்றனர்! அவ்வெழுத்தில் லகரத்திற்கும் ளகரத்திற்கும் வேறுபாடு ஏது? வலி என்பது வன்மை. வளி என்பது காற்று. வழி என்பது நெறி. மூன்றும் ஒன்றாய்க் குழைந்தால் பொருள் எங்கே நிற்கும்? ஒப்பித்தால் மதிப்பெண் கிடைக்கும், தமிழ் கிடைக்குமா?

ஆதலின், தமிழெழுத்தில் எழுதச் செய்யுங்கள். சீர் பிரித்து ஓதச் செய்யுங்கள். பொருளுணர்த்திய பின்னரே ஒப்பிக்கச் சொல்லுங்கள். நாளுக்கொரு குறளெனில், நான்காண்டிற்குள் 1330 குறளும் பிள்ளையின் உடைமையாகும். அவ்வுடைமையைத் தருவது நம் கடன்.