சிவப்பு மருந்தின் கணக்கு

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிக்கொண்ட பலருக்கு அந்தச் சிவப்பு ஊசி மறக்காது. ஏற்றிய அன்றும் மறுநாளும் சிறுநீர் சிவப்பாகப் போகும். ரத்தமோ என்று வீட்டில் பதறுவார்கள். வெறும் மருந்தின் நிறம்தான். டாக்ஸோரூபிசின் என்று பேர். 1960களில் இத்தாலியில், மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து கிடைத்தது.

கவனிக்க வேண்டியது இதயத்தை. இந்த மருந்து இதயத் தசையையும் தாக்கும். அந்தத் தசையின் செல்கள் அழிந்தால் புதிதாக முளைப்பது மிகமிகக் குறைவு. அதனால்தான் ஆயுளுக்கே ஓர் உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள்: உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராம் வரை. உயரத்தையும் எடையையும் வைத்து அந்தப் பரப்பைக் கணக்கிடுவார்கள். சுற்றுக்கு 60 வீதம் நான்கு சுற்று போனால் 240 ஆகிவிடும். பத்து வருடம் கழித்து நோய் திரும்பினாலும் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்காது, 240லிருந்துதான் தொடரும். பல வீடுகளில் பழைய பில்லெல்லாம் பத்திரமாக இருக்கும், எந்த மருந்து எவ்வளவு ஏறியது என்று எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் அகப்படாது. அதை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.

இதைக் கேட்டுவிட்டுக் கீமோவே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். வரம்புக்குள் கொடுக்கும்போது பெரும்பாலானோர் இதயத்துக்குக் கேடில்லாமல் சிகிச்சையை முடிக்கிறார்கள். நடுவில் எக்கோ எடுப்பது அதற்காகத்தான். 'பம்பிங் எவ்வளவு?' என்று நாம் கேட்கிறோமே, அது 55 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பொதுவாக நல்லது. டிராஸ்டுசுமாப் என்ற ஊசி போடுபவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ பார்ப்பது வழக்கம். அந்த ஊசியால் பம்பிங் குறைந்தாலும், அதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தால் அநேகமாகத் தேறிவிடும். படுத்தால் மூச்சு வாங்குகிறது, இரண்டு காலும் வீங்குகிறது என்றால் அடுத்த எக்கோ வரை காத்திருக்க வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது வீட்டிலேயே சாப்பிடும் கேபசிடபைன் மாத்திரை. குடல் புற்றுநோய்க்கு நிறையப் பேர் எடுக்கிறார்கள். சிலருக்கு இது இதய ரத்தக்குழாயைச் சுருங்கவைத்து நெஞ்சுவலி உண்டாக்கும், முதல் சில நாட்களிலேயே. வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடாதீர்கள். அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும். நீங்கள் புற்றுநோய்க்கு மருந்து சாப்பிடுவது அவசரப் பிரிவு டாக்டருக்குத் தெரிந்திருக்காது.